தெருமுனையில் நின்றவர்

அவர் யார் வீட்டு வாசற்படியையும் தானாக மிதித்ததில்லை. வீட்டுக்காரர்கள் "வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தெருவிலேயே நிற்பார். அம்மை குத்த வருகிறவரை உள்ளே கூப்பிடுகிற வழக்கம் அன்றைய திருச்சியில் நான் அறிந்தவரை எங்கும் கிடையாது. அதனால் நான் அவரோடு வேலை பார்த்த ஐந்து வருடமும் அவர் நடுத்தெருவில் நின்றுதான் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தை வைத்தார். மழை வந்தால்கூட எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்க மாட்டார். தகரப் பெட்டியின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, தான் நனைந்துகொண்டு நிற்பார்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. பாலக்கரைப் பக்கம் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பயிற்சி முடித்துச் சுகாதார ஆபீஸில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்திருந்தேன். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்த்து வருவது என் வேலை. அதோடு வாரத்தில் நான்கு நாள் அம்மை குத்துகிறவரோடும் போகச் சொன்னார்கள். ஆண்பிள்ளைக்கு முன்னால் ரவிக்கைக் கையை மேலே ஏற்றப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், கூட ஒரு பெண் இருந்தால் நல்லது என்பது அவர்கள் சொன்ன காரணம். சொல்லாத காரணம் அவரைப் பார்த்தபோது தெரிந்தது.

பெரியம்மை அவர் முகத்தில் ஓரிடத்தையும் விட்டுவைக்கவில்லை. குழிகளுக்குள் குழியாக நெற்றியிலிருந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. இடது கண் வெள்ளை விழுந்து, முழுதாக மூட முடியாமல் நின்றது. மூக்கின் ஒரு பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், நிமிர்ந்த முதுகு, வெளுத்த வேட்டி. பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் யாரோ பெரிய மனிதர் போகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

ஆபீஸில் என் மேஜைக்கு எதிரே அவர் வந்து உட்கார்ந்ததும் நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினேன். நினைத்துச் செய்யவில்லை, கால் தானாகத் தள்ளியது. சிமெண்டுத் தரையில் அது கிரீச்சென்று சத்தமிட்டது. அவர் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் போதுமாம்மா?" என்றார்.

கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. அளவெடுக்கிற தையற்காரர் கேட்பதுபோல இருந்தது. எனக்கு முகம் சுட்டது. அன்று முதல் ஐந்து வருடம் அந்த நாற்காலி ஜன்னலோரத்திலேயே கிடந்தது. அவர் என்னை நர்ஸம்மா என்பார். நான் அவரை எப்படியும் அழைத்ததில்லை. ஐயா என்றோ அண்ணே என்றோ சொல்ல நாக்கு வரவில்லை. "இந்தாங்க", "பாருங்க" என்றே காலத்தை ஓட்டினேன்.

ஊரில் அவருக்கு அம்மைகுத்தி என்று பெயர். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளிடம் தாய்மார்கள் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்து, அதை ஒரு கருவியாகவே வைத்திருந்தார். பிள்ளையை உள்ளே ஒளித்துவிட்டு, ஊருக்குப் போயிருக்கிறான் என்று யாராவது சொன்னால் வாதாட மாட்டார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை வெயிலுக்கு நேராகக் காட்டியபடி, அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார்.

"நல்லாப் பாருங்க. உங்க புள்ளைக்கு இது வேணுமா, ஊசி வேணுமா?"

ஐந்து நிமிடத்தில் பிள்ளை வெளியே வந்துவிடும். ஆபீஸில் வேறு எவரும் அவர் அளவுக்கு ஊசி போட்டதில்லை. முதலில் எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் தோன்றியது. பிறகு ஒருநாள் உறையூரில் ஒரு நெசவாளி வீட்டுப் பெண் மறுபேச்சில்லாமல் கையை நீட்டிவிட்ட பிறகும் அவர் முகத்தை விலக்காமல், அவள் கண்ணில் நீர் வரும்வரை குனிந்தே நின்றதைப் பார்த்தேன். திரும்பி வரும்போது, அவள்தான் ஒப்புக்கொண்டுவிட்டாளே, பிறகு எதற்கு என்று கேட்டேன்.

"பயம் இருக்கிற வரைக்கும்தான் கைய நீட்டுவாங்க, நர்ஸம்மா. பிரியத்துக்கு யாரும் நீட்டினதில்ல" என்றார்.

பிரியத்துக்கு ஒருத்தி நீட்டினாள். அதை நான் பார்த்தேன். காந்தி மார்க்கெட்டில், வெங்காய மண்டிகளுக்குப் பின்னாலிருந்த சந்தில், மூட்டை தூக்கும் ஒருவரின் மகள். நான்கு வயது. சாக்கின் மேல் உட்காரவைத்து அவளுடைய இடது தோளில் பாலைத் தடவினார். அந்த நாளில் அம்மை குத்துவதற்குத் தலையில் பொடி முட்கள் வைத்த சிறு வட்டக் கருவி ஒன்று உண்டு. அதைத் தோளில் பதித்துத் திருக வேண்டும். அதற்காக அவர் குனிந்தபோது அந்தப் பெண் வலது கையை நீட்டி அவர் கன்னத்துக் குழியில் விரலை வைத்தாள். "ஒண்ணு" என்றாள். அடுத்த குழியில் வைத்து "ரெண்டு" என்றாள். ஐந்துவரை போனாள். அதற்குமேல் எண்ணத் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

அவர் அசையவில்லை. கருவி பிடித்த கை பாதியில் நின்றது. எத்தனை பேர் வசை பாடியும் நிற்காத கை அது. இரண்டாம் முறை அவள் ஐந்தைத் தொட்டபோது சட்டென்று அவள் கையைத் தட்டிவிட்டார். பலமாகத் தட்டிவிட்டார். குழந்தை வீரிட்டது. ஒரே திருகில் குத்தி முடித்து, புள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று தகப்பனிடம் கடிந்து சொல்லிவிட்டு நடந்தார். ஏழாம் நாள் ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க என்னைத் தனியாக அனுப்பினார். நான் திரும்பி வந்து கொப்புளம் நன்றாக எழும்பியிருக்கிறது என்றேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப அழுதாளா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தச் சந்துக்குள் அவர் போகவே இல்லை.

அவர் பிறந்த ஊர் ஜீயபுரத்துப் பக்கம் என்பதை அடுத்த வருடம்தான் அறிந்தேன். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சில நாள் ஊசி போட எங்களை அனுப்பினார்கள். ஓர் ஓட்டு வீட்டுக்கு முன்னால் அவர் மற்ற வீடுகளில் நின்றதைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றார். ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார், உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே ஓர் ஆண் இருமுவது கேட்டது. அந்த ஆள் வெளியே வரவில்லை. இவர் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்து, அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ரோட்டில் வைத்தே குத்தினார்.

பஸ்ஸில் வரும்போது, அது தம்பி வீடு என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார். ஒன்பது வயதில் அந்த வீட்டில் முதலில் அவருக்குத்தான் அம்மை கண்டது. அவரிடமிருந்து அம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் தொற்றி, மூன்று பேரும் பத்து நாளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். தகப்பனார் அவரை வாழைத்தோப்பில் ஒரு கீற்றுக் குடிசை போட்டு அதில் விட்டார். வாய்க்கால் வரப்பில் இலையில் சோறு வைத்துவிட்டுக் கை தட்டுவார்கள். ஒரு மாதத்தில் புண் ஆறிவிட்டது. தோப்பிலிருந்து பார்த்தால் வீட்டுக் கூரை தெரியும். இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று இருந்தாராம். கைதட்டல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஒருநாள் அப்பாவே வரப்புல வந்து நின்னார். வான்னு சொல்ல வாயெடுத்த மாதிரிதான் இருந்துச்சு. அப்ப என் மூஞ்சியப் பாத்தார். சோத்த வச்சிட்டுப் போயிட்டார்."

இரண்டு வருடம் அந்தத் தோப்பிலேயே இருந்திருக்கிறார். பெரியம்மை ஒருமுறை வந்துபோனவருக்கு மறுபடி வராது என்பதால், பிற்பாடு அம்மை குத்தும் வேலை கிடைத்தது. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருமளவு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. குடமுருட்டிப் பாலம் வந்தது, சத்திரம் பஸ் நிலையம் வந்தது, இறங்கிவிட்டோம்.

அந்தக் கோடையில்தான் மனு வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தெரு. எந்தத் தெரு என்று சொல்ல வேண்டாம். அங்கே ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர் எழுதியிருந்தார். அம்மை குத்த வருபவரின் தோற்றம் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கெடுதல், இனி அவரை எங்கள் தெருவுக்கு அனுப்ப வேண்டாம், வேறு ஆளை அனுப்புக. கீழே பதினான்கு குடும்பத் தலைவர்களின் கையெழுத்து. எங்கள் அதிகாரி கெட்டவர் அல்ல, வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். அந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று எழுத்திலேயே உத்தரவு கொடுத்துவிட்டார்.

இவர் உத்தரவை வாங்கிப் படித்தார். மனுவையும் ஒருமுறை காட்டச் சொன்னார். ஒரு தாளில் பதினான்கு பெயர்களையும் தன் கையால் வரிசையாக எழுதிக்கொண்டு, நாலாக மடித்து, தகரப் பெட்டிக்குள் மருந்துக் குழாய்களுக்கு அடியில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். ஞாபகத்துக்கு என்றார்.

அந்தத் தெருவுக்குப் போவதாக இருந்த வேறு ஆள் வரவில்லை. இரண்டு வருடம் அங்கே ஒரு குழந்தைக்கும் ஊசி போடப்படவில்லை. நான் மட்டும் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாகம் என்று கேட்டால் அங்கே தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், நான் இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். நான் படியிறங்கிப் பத்தடி போவதற்குள் நான் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை. திருவானைக்காவலில் முதலில் அம்மை கண்டது, பிறகு ஸ்ரீரங்கத்துக்கும் வந்தது. அந்த ஹெட் கிளார்க்கின் மகளுக்குப் பிரசவமாகி ஆறு நாள் ஆகியிருந்ததால் நான் பார்க்கப் போனேன். வாசல் நிலைக்கு உட்புறமாக, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி, வேப்பிலைக் கொத்து தொங்கியது. என்னைக் கண்டதும் அவருடைய மனைவி அழுதுவிட்டார். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்றிலிருந்து அம்மை முத்துப் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை.

உடனே ஊசி போட்டால் குழந்தை தப்ப வழியிருக்கிறது, நாள் தள்ளினால் நம் கையில் இல்லை என்று சொன்னேன். கூடத்தில் நின்றுகொண்டிருந்த ஹெட் கிளார்க், யார் வருவார்கள் என்று கேட்டார். இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றேன். மகள் படுத்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கூப்பிடுங்கோ என்றார்.

அம்மா மண்டபத்தருகே அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். பெட்டியை மூடிக்கொண்டு உடனே கிளம்பினார். எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெருமுனைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல வரக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு இருக்கு. எழுதினவர் வந்து வாயால சொல்லட்டும்."

போய்ச் சொன்னேன். ஹெட் கிளார்க், நான்தானே கூப்பிடச் சொன்னேன், அது போதாதா என்றார். திரும்பி வந்தேன். போதாது என்றார் இவர். குழந்தையைத் தெருமுனைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அம்மை வார்த்த வீட்டிலிருந்து பச்சைக் குழந்தையை வெளியே எடுக்கவே கூடாது என்று உள்ளேயிருந்து பெரியவர்கள் ஒரே குரலாக மறுத்தார்கள். ஹெட் கிளார்க் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தெருவே பார்க்கும் என்றார். ஒரு மணி நேரம் அப்படிப் போயிற்று. கடைசியில் அவர் மனைவி, குரலை உயர்த்தாமல், "குழந்தை போனாலும் இதே தெருதான் பாக்கும்" என்றார். அவர் எழுந்தார். செருப்பில்லாத காலோடு அந்த வெயிலில் தெருமுனைவரை நடந்து வந்தார்.

"ஆத்துக்குள்ள வாங்கோ" என்றார்.

இவர் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார். மடித்த தாளை எடுத்துப் பிரித்தார்.

"நீங்க ஒருத்தர். இன்னும் பதிமூணு பேர் இருக்காங்களே."

ஹெட் கிளார்க் அவரையே பார்த்தார். பிறகு முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனார். ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாங்கோ என்றார். ஒரு வீட்டில் மனைவி வந்தார், கையெழுத்துப் போட்டவர் வரவேண்டும் என்று இவர் திருப்பி அனுப்பினார். ஒருவர் இறந்துபோயிருந்தார், மகன் வந்து நின்றார். தலைகுனிந்தபடி சொன்னவரைத் தடுத்து, "தரையப் பாத்துச் சொல்லாதீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கைகழுவி வரும்வரை இவர் காத்திருந்தார். ஒவ்வொரு பெயரையும் பென்சிலால் மெதுவாக அடித்தார். வெயில் உச்சியில் இருந்தது.

பெட்டி அவர் காலடியில் திறந்தே கிடந்தது.

அம்மைப்பால் சூட்டில் செத்துப்போகும். குளிர்ச்சி போகாமல் ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பெட்டியை ஒருதரம் வெயிலில் வைத்துவிட்டதற்காக என்னை ஆபீஸில் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். அன்று அந்தத் துணி காய்ந்து விறைத்துப் போனதை நான் பார்த்தேன். சத்திரத்துக்குப் போகும் பஸ் ஒன்று கடந்துபோவதையும் பார்த்தேன். அதில் ஏறி ஆபீஸுக்குப் போய், ஐஸ் பெட்டியிலிருந்து புதுக் குழாய் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பியிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு. எனக்கும் அது இனித்தது. உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியவர்கள் வேர்த்து வடிய ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் நின்றார்கள். அந்தக் காட்சியை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நடுவில் ஒருமுறை அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். ஐந்து வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அப்போதாவது போயிருக்க வேண்டும். அப்போதும் நின்றேன்.

பதினான்காவது பெயரை அடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். குழந்தையைப் பார்த்ததும் ஆளே மாறிவிட்டார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். விரல் பருமன்கூட இல்லாத அந்தத் தோளை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். குழந்தையின் தாய் பாயிலிருந்து, ரொம்ப வலிக்குமா என்று கேட்டாள். இல்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரி என்றார். மருந்துக் குழாயின் நுனியை உடைத்து, பாலைத் தோளில் ஊதும்போது ஒரு கணம் நிறுத்தி அதை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு குத்தினார்.

நாலாம் நாள் தோளில் ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. சில குழந்தைக்கு இரண்டு தரம் வைக்க வேண்டியிருக்கும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் புதுப் பால் கொண்டுவந்து மறுபடி குத்தினார். காவிரிப் பாலத்தில் நடந்து திரும்பும்போது, "பால் செத்துப்போச்சு, நர்ஸம்மா" என்றார். 

அதன்பிறகு தினம் இரண்டு வேளை அந்த வீட்டுக்குப் போனார். சொந்தக்காரர்கள் எட்டிப்பார்க்கப் பயந்த அந்த நாட்களில் வெந்நீர் போட்டதும், துணி அவித்ததும், மகளைப் புரட்டிப் படுக்க வைத்ததும் அவர்தான். பதினோராம் நாள் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அதற்குப் பிறகு ஐந்து நாள்தான் குழந்தை இருந்தது. தாய் பிழைத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த சில நாட்களில் ஹெட் கிளார்க் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. வீட்டு டம்ளரிலேயே காப்பி கொடுத்தார்கள். மனு எழுதியது பாவம், உத்தரவை ரத்து செய்ய நானே எழுதித் தருகிறேன் என்றார். எங்கள் ஜனங்களே வராதபோது நீங்கள் வந்தீர்கள் என்றார்.

"இனிமே இந்த ஆத்துக்கு நீங்க எப்ப வேணாலும் வரலாம். யாரும் கூப்பிடணும்னு இல்ல."

அவர் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தார். வாயில் வைக்காமல் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் வச்ச பால்ல உசிரு இல்லீங்க. வெயில்ல செத்துப்போச்சு. அப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. ஹெட் கிளார்க் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒரு மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்தேனே. அப்பவே வந்திருந்தா?"

இவர் சரி என்று தலையாட்டியிருந்தால் பாரத்தில் பாதி அந்தப் பக்கம் போயிருக்கும். ஆட்டவில்லை.

"அதனால ஒண்ணும் இல்லீங்க. நீங்க வந்தப்ப துணி ஈரமாத்தான் இருந்துச்சு. அதுக்குப் பின்னாடிதான் எல்லாம்."

"போயிடுங்கோ" என்றார் ஹெட் கிளார்க்.

போய்விட்டோம். தெரு நெடுக அவர் யார் வீட்டுப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆபீஸில் தானே அறிக்கை எழுத உட்கார்ந்தார். அம்மை கண்ட தாயின் குழந்தை பிழைப்பதே அபூர்வம், யாரும் கேட்காததை நீயாக எழுதித் தலையில் போட்டுக்கொள்ளாதே என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். கேட்கவில்லை. ஒரு மாதத்தில் அவரை அம்மை குத்தும் வேலையிலிருந்து விலக்கி, ஊருக்கு வெளியே அம்மை நோயாளிகளைக் கொண்டுபோய் வைக்கும் கொட்டகைக்கு ஏவலாளாக அனுப்பினார்கள். தண்டனை என்றுதான் அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். ஓர் இளைஞன் கண் திறக்க முடியாமல் படுத்திருந்தான். இவர் வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டே கஞ்சி ஊட்டினார். அந்தப் பையன் ஒரு கையால் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிடாமல் வந்துவிட்டேன். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வேண்டியது அந்த அறிக்கையைப் பற்றித்தான். சம்பவத்தில் கூட இருந்தவள் என்பதால் என் கையெழுத்தும் வேண்டும் என்று ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து கொடுத்தார். அரைப் பக்கம். நடந்தது நடந்தபடியே இருந்தது. அவர் நின்றது, பெயர்களைப் படித்தது, பெட்டி திறந்து கிடந்தது, எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்பது, எல்லாம். கடைசிக்கு முந்தின வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'பால் கெட்டுவிடும் என்று ஹெல்த் விசிட்டர் அம்மாள் மூன்று தடவை எச்சரித்தும் நான் கேட்கவில்லை.'

இரண்டு முறை படித்தேன்.

"நான் அப்படிச் சொல்லலையே" என்றேன்.

"சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் காதுல விழல" என்றார். பேனாவைத் திறந்து, என் விரல் படாதபடி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நீட்டினார்.

அவர் கண்ணைப் பார்த்தேன். நல்ல கண்ணை. அவருக்குத் தெரியும் என்பது தெரிந்தது. பஸ் போனதும் தெரியும், நான் ஏறாமல் நின்றதும் தெரியும், எதற்காக நின்றேன் என்பதும் தெரியும். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு வரிக்காக ஆபீஸில் என்னைப் பாராட்டினார்கள். பொறுப்புள்ள பெண் என்று மேற்பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். பெரிய உத்தியோகங்கள் பார்த்து ஓய்வு பெற்றேன். அறிக்கை எழுதிய அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்த அதிகாரியிடம் போய் நான் உண்மையைச் சொல்லவில்லை. என் கணவரிடம் சொல்லவில்லை. மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன்.

மூன்று தடவை அல்ல. நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.